முஞ்ஞைக் கீரையும் சீறூர் மன்னனும்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் இடம்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



சங்க இலக்கியத்தில் செடிகொடிகள் என்றதும் நமக்கு முதலில் நினைவு வருபவை பூக்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொன்னதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். காந்தளும் வேங்கையும் முல்லையும் பற்றி எத்தனையோ உரைகள் கேட்டிருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டது பூவன்று, ஒரு கீரை. ஆட்டுக்குட்டி மேய்ந்து மிஞ்சிய ஒரு காட்டுச் செடியின் தளிர். அந்தத் தளிரைத் தராசின் ஒரு தட்டிலும் மூவேந்தர் ஒருவனின் தேரையும் யானையையும் மறு தட்டிலும் வைத்து, தளிர் வைத்த தட்டே கனமானது என்று சொன்ன புலவர் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றியும் அந்தச் செடியைப் பற்றியும் உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

புறநானூற்றின் 197 ஆம் பாட்டு. பாடியவர் கோனாட்டு எறிச்சலூர் மாடலன் மதுரைக் குமரனார். பாடப்பட்டவன் சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன். பரிசில் வேண்டி நிற்கும் புலவரின் வாய்மொழி அது. ஆனால் கெஞ்சும் குரல் அதில் இல்லை. காற்றுப் போல் விரையும் குதிரைகள், கொடி அசையும் தேர்கள், கடல் போன்ற சேனை, மலையோடு மோதும் களிறுகள், இடிபோல் முழங்கும் முரசம் என்று வேந்தரின் செல்வங்களை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார். எண்ணி முடித்துவிட்டு, இவற்றைக் கண்டு நாங்கள் வியப்பதில்லை என்கிறார். அப்படியானால் அவர் வியப்பது யாரை? முள்வேலி இட்ட ஒரு சிறு தோட்டம். அதிலே ஆட்டுக்குட்டி மேய்ந்துவிட்டுப் போன முஞ்ஞைச் செடி. அதன் கொழுத்த தளிரைப் பறித்துச் சமைத்த கீரையோடு புன்செய் வரகுச் சோறு. இதற்கு மேல் கொடுக்க எதுவும் இல்லாத சீறூர் மன்னனாயினும், எங்கள் பெருமையறிந்து நடப்பவன் எவனோ அவனே எங்களால் வியக்கப்படுபவன் என்கிறார். எவ்வளவு பெரிய துன்பம் வந்தாலும் உணர்வில்லாதவருடைய செல்வத்தை நினையோம், நல்லறிவுடையவரின் வறுமையை மகிழ்ச்சியோடு நினைப்போம் என்று பாட்டு முடிகிறது. இதை ஒரு சோழ வேந்தனின் முகத்துக்கு நேரே சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அந்த முஞ்ஞை எது? பிற்காலத்தில் முன்னை என்று வழங்கும் செடியே அது என்பது உரைகாரர் கொள்கை. புறநானூற்றிலேயே 320 ஆம் பாட்டில் இச்செடி மீண்டும் வருகிறது. வீரைவெளியனார் பாடியது. வேட்டுவன் வீட்டு முற்றத்தில் முஞ்ஞையும் முசுண்டைக் கொடியும் பின்னி வளர்ந்து, தனியே ஒரு பந்தல் போடத் தேவையில்லாத அளவுக்கு நிழல் தருகின்றன. அந்த நிழலிலே வேட்டுவன் அயர்ந்து தூங்குகிறான். முசுண்டை என்பது நாம் முசுட்டை என்று சொல்லும் கொடி. முன்னையும் முசுட்டையும் ஆகிய இரண்டும் வீட்டு முற்றத்தில் நிழலும் ஆகும், உலையில் கறியும் ஆகும். யாழ்ப்பாணத்திலே முசுட்டை இலை வறையைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இந்தப் பாட்டை வாசிக்கும்போது ஈராயிரம் ஆண்டு இடைவெளியை உணரமாட்டார்கள்.

தாவரவியலார் முன்னைக்கு இட்ட பெயர் பிரெம்னா செராட்டிஃபோலியா. லின்னேயஸ் 1771 இல் இப்பெயரை வழங்கினார். பிரெம்னா என்பது அடிக்கட்டை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குட்டையாகவும் முறுக்கியும் நிற்கும் அதன் அடிமரத்தைப் பார்த்து இட்ட பெயர். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வழியாகப் பசிபிக் தீவுகள் வரை, பெரும்பாலும் கடற்கரையையும் அதை அடுத்த புதர்க்காடுகளையும் ஒட்டி வளர்கிறது. இலைகள் எதிரெதிராக இருக்கும். கசக்கினால் ஒரு கடுமையான மணம் எழும். புலவர் இத்தளிரை நறுமணமுடையது என்று சொன்னது வெறும் அடைமொழியன்று. பூக்கள் சிறியவை, பச்சை கலந்த வெண்மை நிறம், கொத்தாகப் பூக்கும். காய் சிறு மணி போல உருண்டு, பழுக்கும்போது கறுக்கும்.

வடமொழி வைத்திய நூல்கள் இதனை அக்கினிமந்தம் என்கின்றன. தீயைக் கடைவது என்பது அச்சொல்லின் பொருள். காய்ந்த கட்டைகளை ஒன்றோடொன்று கடைந்து தீ உண்டாக்கிய காலத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது. தசமூலம் எனப்படும் பத்து வேர்க் கூட்டில் அக்கினிமந்தத்தின் வேரும் ஒன்று. சிங்கள மக்கள் இச்செடியை மிதி என்பார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் கபோஸ் லேன் மருந்துக் கடைகளில் தசமூலம் என்று கேட்டால் கடதாசியில் சுற்றித் தருவார்கள். வேருக்கு அங்கே விலை இருக்கிறது. ஆனால் குமரனார் வியந்த அந்தத் தளிரை, மருதானைச் சந்தியில் கீரைக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் எந்தத் தட்டிலும் நான் கண்டதில்லை. வல்லாரை இருக்கும், பொன்னாங்காணி இருக்கும், கங்குன் இருக்கும், முருங்கையிலை இருக்கும். முன்னை இருக்காது. அது என்றைக்கும் சந்தைக்கு வந்த கீரையன்று, வேலியிலிருந்து நேரே உலைக்குப் போன கீரை.

நான் பல ஆண்டுகளாக மருதானையில் குடியிருக்கிறேன். தளிரும் விலையும் பற்றிப் பேச மருதானையை விடப் பொருத்தமான இடம் வேறில்லை. பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகங்களின் நடுவே நடப்பவர்களுக்கு இது ஒரு காலத்தில் கறுவாக் காடு என்று சொன்னால் நம்புவது கடினம். அயலில் உள்ள கறுவாத்தோட்டம் என்ற பெயர் மட்டும் அதற்குச் சாட்சியாக நிற்கிறது. காடுகளில் தானாக வளர்ந்த கறுவாவை உரித்து வந்த ஒல்லாந்தர், ஃபால்க் ஆளுநராக இருந்த காலத்தில், அதாவது 1765 முதல் 1785 வரையான ஆண்டுகளில், அதனைத் தோட்டப் பயிராக்கினார்கள். கொழும்பை அடுத்த மருதானை மணல் நிலம் அத்தகைய தோட்டமாயிற்று. லின்னேயஸ் முன்னைக்குப் பெயரிட்ட 1771 ஆம் ஆண்டும் அதே காலத்துக்குள் அடங்குவது தற்செயல்தான்.

கறுவாத் தோட்டத்தின் நுட்பம் என்ன தெரியுமா? மரத்தை மரமாக வளர விடுவதில்லை. அடியோடு வெட்டுவார்கள். வெட்டிய கட்டையிலிருந்து பல கிளைகள் நேராகத் தளிர்த்து எழும். அந்த இளங் கிளைகளில்தான் நல்ல பட்டை. அந்தப் பட்டை கப்பலேறி அம்ஸ்டர்டாமுக்குப் போயிற்று. அனுமதியின்றிக் கறுவாவை வெட்டியவருக்கும் விற்றவருக்கும் மரண தண்டனை வரை விதிக்கும் கட்டளைகளை ஒல்லாந்தர் பிறப்பித்திருந்தனர். ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரு செடியின் தளிரைத் தொட்டால் உயிர் போகும். இன்னொரு செடியின் தளிரை வேலியோரம் போகிற எவரும் பறித்துக்கொள்ளலாம். முதலாவதன் வரலாற்றைப் பல நூல்கள் எழுதியிருக்கின்றன. இரண்டாவதற்கு வரலாறு எழுதியவர்கள் நமது புலவர்கள் மட்டுமே.

முன்னைக்கு உலகில் உறவினர் பலர் உண்டு என்பதையும் இடையே சொல்லிவிடுகிறேன். வியட்நாமின் மேக்கொங் கழிமுகத்து மக்கள் இதே முன்னையின் இலையைப் பச்சையாகவும், இறைச்சியைச் சுற்றிச் சுட்டும் சாப்பிடுகிறார்கள். இந்தோனேசியாவில் இவ்வினத்தின் இன்னொரு செடியின் இலையைக் கசக்கிப் பிழிந்து, உறைய வைத்து, குளிர்ந்த பானமாக்குகிறார்கள். சீனாவின் மலைநாட்டு ஊர்களில் மற்றொரு வகையின் இலைச் சாற்றோடு சாம்பல் நீரைச் சேர்த்து, பச்சை நிறத்தில் வழுவழுப்பான கட்டியாக்கி உண்கிறார்கள். இலையில் உள்ள பெக்ரின் என்ற பொருளும் சாம்பலில் உள்ள சுண்ணச் சத்தும் சேர்ந்து உறைவதே அதன் மர்மம். எங்கெல்லாம் இந்தச் செடி வளர்கிறதோ அங்கெல்லாம், கையில் காசில்லாத யாரோ ஒரு பெண் அதன் இலையைச் சுவைத்துப் பார்த்து, இது உணவாகும் என்று கண்டுபிடித்திருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி, கீரை பற்றிய இன்னொரு சங்கக் காட்சிக்கு வருவோம். சிறுபாணாற்றுப்படையை நத்தத்தனார் பாடினார். அதிலே ஒரு பாணனின் வறுமை வருகிறது. கூரை சிதைந்த அடுக்களை. அங்கே குட்டி ஈன்ற நாய், பால் இல்லாததால் தன் குட்டியையே குரைக்கிறது. பாணன் மனைவி குப்பையிலே முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து, உப்பில்லாமல் வேகவைக்கிறாள். பிறகு அவள் செய்வதுதான் நெஞ்சை அறுக்கிறது. அறியாதவர்கள் பார்த்துப் பழிப்பார்களே என்று நாணி, வாசற் கதவை அடைத்துவிட்டு, சுற்றத்தோடு இருந்து அதை உண்கிறாள்.

இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கீரைதான். வேளையும் முன்னையும் விலையில்லாப் பொருள்கள். ஒன்றிலே கதவு அடைக்கப்படுகிறது. மற்றதிலே புலவர் உள்ளே அழைக்கப்படுகிறார். பாணன் மனைவி நாணியது கீரையைக் கண்டல்ல, பழிப்பவரின் கண்ணைக் கண்டு. சீறூர் மன்னனிடமும் கொடுக்க வேறெதுவும் இல்லை. ஆனால் அவன் தன் வரகுச் சோற்றையும் முன்னைக் கீரையையும் மறைக்கவில்லை, வந்தவரையும் தாழ்வாக எண்ணவில்லை. வறுமை என்பது ஒன்றுதான். அதைச் சுற்றி நிற்கும் மனிதர்களே அதை வெட்கமாகவோ விருந்தாகவோ ஆக்குகிறார்கள். குமரனாரின் பாட்டை நான் இவ்வாறுதான் விளங்கிக்கொள்கிறேன்.

இப்படி விளங்கிக்கொள்ள எனக்கு வாழ்க்கை ஒரு பாடம் தந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்ததை நேயர்கள் அறிவீர்கள். மழை இரவிலே நாவற்குழிப் பாலத்தை அங்குலம் அங்குலமாகக் கடந்து தென்மராட்சிக்குப் போன கூட்டத்தில் நானும் என் தமக்கையார் குடும்பமும் இருந்தோம். ஏற்கெனவே 1990 முதல் பொருளாதாரத் தடைக்குள் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் நாங்கள். மறுநாள் பின்னேரம் மீசாலையில் ஒரு கிடுகு வேலி ஓரமாக, மேற்கொண்டு நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டோம். யாரென்றே தெரியாத ஒரு வயோதிப மாது படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"ஏன் பிள்ளையள் தெருவிலை இருக்கிறியள்? உள்ளுக்கு வாருங்கோ. சோறும் இலைக்கறியும்தான் கிடக்கு. குறை நினையாமல் சாப்பிடுங்கோ" என்றார்.

ஏற்கெனவே மூன்று குடும்பங்கள் அந்த முற்றத்தில் இருந்தன. வாழையிலைத் துண்டுகளில் சோறும், தேங்காய்ப்பூக் கொஞ்சமாகத் தூவிய ஓர் இலை வறையும் பரிமாறப்பட்டன. மெல்லிய கசப்பும் ஒரு தனி மணமும் இருந்தன. என்ன இலை என்று தமக்கையார் கேட்டார். "முன்னை, பிள்ளை. இந்த வேலியிலை நிக்கிறதுதான்" என்றார் அந்த ஆச்சி.

"இவ்வளவு பேருக்கும் தந்தால் நாளைக்கு உங்களுக்கு என்ன ஆச்சி செய்வியள்?"

"முறிச்ச இடத்திலைதானே பிள்ளை நல்லாத் தளிர்க்கும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விட்டார்.

பல மாதங்களின் பின்னர் மருதானைக்கு வந்து, ஒரு சிறு அறையிலே புறநானூற்றை மறுபடி புரட்டியபோது, ஆட்டுக்குட்டி மேய்ந்து மிஞ்சிய முஞ்ஞை என்ற இடத்தில் என் விரல் நின்றது. அதுவரை நான் அதை வறுமையின் அடையாளமாக மட்டுமே படித்திருந்தேன்: குட்டி தின்றது போக எஞ்சியது மனிதருக்கு என்று. ஆனால் புலவர் அந்தத் தளிரைக் கொழுத்தது என்கிறாரே, மேய்ந்து மிஞ்சியது எப்படிக் கொழுத்திருக்கும்? செடி வளர்த்தவர்களுக்கு விடை தெரியும். நுனி கடிபட்ட கிளை, கீழுள்ள கணுக்களிலிருந்து புதிதாகவும் செழிப்பாகவும் துளிர்விடும். கறுவாத் தோட்டக்காரன் கத்தியால் செய்ததை ஆட்டுக்குட்டி பல்லால் செய்திருக்கிறது. மீசாலை ஆச்சி எந்தப் புலவரையும் படித்தவரல்லர். ஆனால் அந்தப் பாட்டுக்கு நான் அறிந்த மிகச் சிறந்த உரையைச் சொன்னவர் அவர்தான்.

ஔவையாரைப் பற்றிய ஒரு கதையும் இங்கே பொருந்துகிறது. பாரி மகளிர் தந்தையை இழந்து, பறம்பை இழந்து, ஆதரவற்றிருந்த காலத்தில் ஔவையாருக்குக் கீரை சமைத்துப் படைத்தார்களாம். அந்தப் பெண் கீரை என்று பெயர் சொல்லி அமுதத்தை அல்லவா இட்டாள் என்று ஔவை வியந்து பாடியதாகத் தனிப்பாடல் மரபு கூறுகிறது. சங்க கால ஔவை வேறு, தனிப்பாடல் ஔவை வேறு என்று ஆராய்ச்சியாளர் சொல்வர். அது இருக்கட்டும். அரண்மனையை இழந்த பெண்கள், கீரையைத் தவிர வேறெதுவும் இல்லாத நிலையிலும் விருந்தை மறக்கவில்லை என்ற நினைவைத் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்திருக்கிறார்கள் என்பதே நமக்கு வேண்டியது.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2022 ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவுப் பொருள்களின் விலை முந்திய ஆண்டை விட 94.9 சதவீதம் ஏறியிருந்தது. இரண்டு மடங்குக்குச் சற்றே குறைவு. சம்பளம் ஏறவில்லை. எங்கள் ஒழுங்கையிலே, மீன் பொரிக்கும் வாசனை எந்த வீட்டிலிருந்தும் வராத நாட்கள் பல. மதியத்தில் கதவுகள் சாத்தியே கிடக்கும். முன்பெல்லாம் திறந்து கிடந்த கதவுகள். பாணன் மனைவி அடைத்த கதவை நான் மருதானையில் அப்போது கண்டேன்.

அந்நாட்களில் ஒரு மதியம், பக்கத்து வீட்டு உம்மா ஒரு கோப்பையை மூடிக் கொண்டுவந்து நீட்டினார். முருங்கையிலைச் சொதி. "இண்டைக்கு எங்கட வீட்டிலயும் இலைதான் மாஸ்டர். ஒங்களுக்கும் கொஞ்சம்" என்றார். அவருடைய வீட்டிலே ஐந்து பேர். அடுத்த நாள் நான் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. வல்லாரைச் சம்பல் அரைத்து வைத்துக் கொடுத்தேன். அதற்கடுத்த கிழமை எதிர்வீட்டுச் சிங்களப் பெண்மணி ஒரு பெரிய சட்டியில் கொலகெந்த காய்ச்சி எல்லா வீட்டுக்கும் ஊற்றினார். இலைக்கஞ்சிக்கு அவர்கள் சூட்டிய பெயர் அது. பெரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்துவிடவில்லை. அரிசி விலை அப்படியேதான் இருந்தது. ஆனால் எங்கள் ஒழுங்கையில் மதிய நேரத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இன்று பெரிய ஹோட்டல்களின் காலை உணவு மேசையிலே கொலகெந்த, அழகிய சிறு கிண்ணத்தில், ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியோடு ஆரோக்கிய பானமாக வைக்கப்படுகிறது. மருதானைப் புகையிரத நிலையத்தை நோக்கி விடியற்காலையில் ஓடுகிறவர்கள் வழியிலே நின்று குடித்துவிட்டுப் போகும் அதே கஞ்சிதான். இலைக்கு மதிப்பு வருவது நல்லதே. ஆனால் இலையைப் போற்றிவிட்டு, அதை நூற்றாண்டுகளாக உண்டு உயிர் காத்தவரை இளக்காரமாகப் பார்ப்போமாயின், நாம் குமரனார் நினைக்கவும் மறுத்த அந்த உணர்வில்லாதவரின் வரிசையில்தான் நிற்போம்.

நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலே வேலிகள் குறைந்து சீமெந்து மதில்கள் எழுகின்றன. வேலி போகும்போது முன்னையும் போகிறது, முசுட்டையும் போகிறது. செடி போனபின் பெயரும் போய்விடும். பெயர் போனபின் புறநானூற்றின் அந்தப் பாட்டுக்குப் பொருள் சொல்ல அகராதியைத்தான் தேட வேண்டியிருக்கும். உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பாச்சியோ இருந்தால், எந்த இலை உணவுக்காகும், எதை எந்தப் பருவத்தில் பறிப்பது, எதை எப்படி அவிப்பது என்று இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள். அறிந்தவர் காட்டாமல் காட்டு இலை எதையும் வாயில் வைக்கவும் வேண்டாம். இடம் இருப்பவர்கள் மதிலுக்கு உட்புறமாகவேனும் ஒரு முன்னைக் கொப்பை நட்டு வையுங்கள். அதிகம் கேட்காத செடி. முறித்தாலும் தளிர்க்கும்.

நட்ட செடி தளிர்த்ததும் முதல் வறையை நீங்கள் மட்டும் உண்ணாமல், பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை கொடுத்தனுப்புங்கள். அடுத்த கிழமை வேறொரு பாட்டோடு சந்திப்போம்.